‘நீ’ என்று எழுதியவர்
கோ. நடேசய்யரின் எழுத்தும் சபை வாழ்வும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் கவிஞர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாவலாசிரியர்களைப் பற்றிப் பேசுவதும் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஓர் அரசியல்வாதி. சட்டசபை உறுப்பினர். தேர்தலில் வென்றவர், தோற்றவர். இவருக்கு இலக்கியத் தொடரில் என்ன வேலை என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

அவர் பெயர் கோதண்டராம நடேசய்யர். மலையகத்து லயங்களில் இந்தப் பெயரை முழுமையாகச் சொன்னவர் குறைவு. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் ‘ஐயர்’ என்று மட்டும் சொல்வார்கள். கோயில் ஐயரைச் சொல்கிறார்களா, இந்த ஐயரைச் சொல்கிறார்களா என்பதைப் பேச்சின் போக்கைக் கொண்டுதான் கண்டுகொள்ள வேண்டும்.

1925ஆம் ஆண்டு முதல் 1931 வரை இலங்கைச் சட்டநிரூபண சபையில் இந்தியத் தமிழரின் பிரதிநிதியாக அவர் இருந்தார். பின்னர் 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள். அந்தக் காலமெல்லாம் அவர் பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார், நாடகம் எழுதினார், நூல்கள் வெளியிட்டார். தேசநேசன், தேசபக்தன், உரிமைப்போர், சுதந்திரப்போர், வீரன் என்று அவருடைய பத்திரிகைகளின் பெயர்களை அடுக்கினாலே அவருடைய மனப்போக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்திலும் சிட்டிசன், பார்வர்ட் என்று பத்திரிகைகள் நடத்தினார். மலையக இலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் இவரைத் தொடாமல் முதல் அத்தியாயத்தைக் கடக்க முடியவில்லை.

தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் நடேசய்யர். தமிழகத்தில் வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகையோடு தொடர்பு கொண்டிருந்தார். வியாபாரிகள் சங்கம் ஒன்றின் அலுவலாக 1915ஆம் ஆண்டு முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தார். வந்த இடத்தில், தம் நாட்டிலிருந்து கப்பலேறி வந்து மலைகளில் உழைக்கும் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். பார்க்க முடியவில்லை. தோட்டம் என்பது துரையின் சொந்த நிலம். லயத்துக்குப் போகிற பாதையும் துரைக்குச் சொந்தம். அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம்.

ஆனால் ஒருவருக்குக் கதவு திறந்திருந்தது. புடவை மூட்டையைத் தலையில் சுமந்து வரும் வியாபாரியை யாரும் தடுப்பதில்லை. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் வந்தார் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் சபையில் அமர்ந்து தோட்டங்களைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தைத் துரை பங்களாவின் விறாந்தையிலிருந்து பார்த்தவர்கள். இவர் லயத்து வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தவர். அவருடைய எழுத்தில் உள்ள சூட்டுக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் கண்ட உலகம் எப்படிப்பட்டது? விடியுமுன் தப்பு அடிக்கும். பிரட்டுக்களத்தில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். யார் எந்த மலைக்கு, யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து என்று கட்டளை பிறக்கும். தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்த கங்காணிக்குத் தொழிலாளி கடன்பட்டிருப்பான். ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைக்கும். கடன் தீரும் வரை ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி ‘துண்டு’ என்ற கடதாசி அவனைக் கட்டி வைத்திருந்தது. துண்டு முறையை 1921ஆம் ஆண்டில் சட்டம் ஒழித்தது. ஆனால் சட்டம் ஒழித்ததை லயத்தில் இருப்பவனுக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விதான் நடேசய்யரின் வாழ்க்கையை நடத்திச் சென்றது என்பது என் கருத்து. உரிமை ஒன்று கிடைத்திருக்கிறது என்று தெரியாதவனுக்கு அந்த உரிமை இல்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் சட்டம் பிறக்கிறது. அட்டனுக்கு மேலே மூடுபனியில் தமிழ் பேசும் மனிதன் ஒருவன் கூடையோடும் கத்தியோடும் நிற்கிறான். இருவருக்கும் இடையில் பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை அவர் தமிழ் உரைநடையால் கட்ட முனைந்தார்.

இலங்கையில் குடியேறிய பிறகு 1921இல் தேசநேசனில் ஆசிரியப் பணி ஏற்றார். 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். பாரதியின் பாடல்கள் இலங்கையில் பரவுவதற்கு அவருடைய பத்திரிகைகள் துணை நின்றன. பாரதி மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தமிழகத்திலேயே பாரதிக்கு முழு மதிப்புக் கிடைத்திராத வேளையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி அந்தக் கவிதையைக் கேட்டிருக்கிறான் என்பது சிறிய செய்தியன்று.

கேட்டிருக்கிறான் என்றுதான் சொல்கிறேன், படித்திருக்கிறான் என்று சொல்லவில்லை. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, பத்துப் பேர் சூழ இருந்து கேட்பதுதான் லயத்து வாசிப்பு முறை. ஆகவே நடேசய்யரின் உரைநடையைப் பார்க்கும்போது அது வாய்விட்டுப் படிப்பதற்கென்று எழுதப்பட்ட உரைநடை என்பதை நாம் மறக்கக் கூடாது. கேள்வி கேட்கும். தானே பதில் சொல்லும். கோபப்படும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைத் தோளில் தட்டுவது போலப் பேசும். இன்று நாம் அதை மேடைத்தனம் என்று ஒதுக்கலாம். ஆனால் கேட்போர் கூட்டத்துக்கு எழுதுகிறவனுக்கு வேறு என்ன நடை பொருந்தும்?

1925இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்த பிறகு பேனாவும் சபையும் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. பத்திரிகைக்கு வந்த முறைப்பாடு சபையில் கேள்வியாயிற்று. சபையில் கிடைத்த பதில் பத்திரிகையில் செய்தியாயிற்று. சபையின் மொழி ஆங்கிலம். அங்கே அவர் ஆங்கிலத்தில் வாதாடினார். வெளியே வந்து அதையே தமிழில் எழுதினார்.

அந்தச் சபையின் காலத்தில் வந்த முக்கியமான சட்டம் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று கூலி வகுக்கப்பட்டது. இந்த மூன்று எண்களையும் ஒரு முறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். தோட்டத்தின் வருமானம் கொழுந்தில் இருக்கிறது. கொழுந்தைக் கிள்ளுகிறவள் பெண். அவளுக்கு ஆணைவிடப் பதினொரு சதம் குறைவு. பிள்ளைக்கும் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் இவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஓர் எல்லை எழுத்தில் வந்தது அதுவே முதல் தடவை. அந்தக் கூலி போதாது என்று நடேசய்யர் வாதாடினார். வந்த சட்டத்தையும் அவர் வீணாக விடவில்லை. தொழிலாளர் சட்டங்களையும் தொழிலாளிக்குரிய உரிமைகளையும் எளிய தமிழில் விளக்கிப் பிரசுரங்கள் வெளியிட்டார். நமது இலக்கிய விமர்சகர்கள் இப்படிப்பட்ட பிரசுரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலச் சட்டத்தின் வாசகத்தை எழுதப் படிக்கத் தெரியாதவனின் காதுக்குப் புரிகிற தமிழாக மாற்றுவது எளிய வேலையா என்று முயன்று பார்த்தவர்கள் சொல்லட்டும்.

கொழும்பில் அவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்கப் பணி செய்தார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நின்ற காலம் அது. துறைமுகத்திலும் வேறு தொழில்களிலும் வேலைநிறுத்தங்கள் வென்றன. அந்த நட்பு 1920களின் இறுதியில் முறிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது இந்தியத் தொழிலாளிக்கு எதிரான குரல் நகரத்தில் வலுத்தது. குணசிங்கவே பின்னர் அந்தப் பக்கம் சாய்ந்தார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதிய குமாரி ஜெயவர்த்தன இந்தக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அன்று அந்தக் கூட்டு நீடித்திருந்தால் இந்த நாட்டின் பிற்கால அரசியல் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பெருமூச்சு விடுவதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நடேசய்யர் கொழும்பிலிருந்து மலைக்குத் திரும்பினார். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆகவே பட்டணத்திலும் பொது வீதியோரத்திலும் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்குச் சாமான் வாங்க வருகிற தொழிலாளிதான் அவருடைய சபையோர்.

அதே 1931இல்தான் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே மிக முற்பட்ட ஏற்பாடுகளில் ஒன்று. படித்தவன், பணமுள்ளவன் என்ற தடையில்லை. பெண்ணுக்கும் வாக்கு. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பதை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அப்படியிருந்தும் 1931இல் ஏறத்தாழ 1 இலட்சம் இந்தியர் வாக்காளர் இடாப்பில் பதிவானார்கள். 1939இல் அத்தொகை 2 இலட்சத்து 25 ஆயிரமாக உயர்ந்தது. விதிகளை இறுக்கியதால் 1943இல் 1 இலட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. எண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாலே பின்னால் வரப்போகும் இடியின் முழக்கம் கேட்கிறது.

இந்த 1930களில்தான் அவர் இரண்டு நூல்களுக்கு வைத்த பெயர்கள் என்னை நெடுநாளாகச் சிந்திக்க வைத்தன. ஒன்று ‘நீ மயங்குவதேன்?’ மற்றது ‘வெற்றி உனதே’. இரண்டு தலைப்பிலும் முன்னிலை ஒருமை இருப்பதைக் கவனியுங்கள். நீ. உனது.

தோட்டத்தில் தொழிலாளி எப்போதும் ‘நீ’தான். துரை அழைத்தால் நீ, கணக்கப்பிள்ளை அழைத்தால் நீ, கங்காணி அழைத்தால் அதற்கும் கீழே. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டளைதான் வரும். நீ அந்த மலைக்குப் போ. நீ நாளைக்கு வராதே. உனக்குப் பேர் இல்லை. நடேசய்யர் அதே சொல்லை எடுத்து அதன் பின்னால் ஒரு கேள்வியை வைத்தார். நீ மயங்குவதேன்? கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் போதும், கேள்விக்கோ பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வேண்டுமானால் யோசிக்க வேண்டும். யோசிக்கிறவனைத்தான் வாக்காளன் என்று சொல்ல முடியும். சட்டம் அவனுக்கு வாக்குச் சீட்டைத் தந்தது. அதைக் கையில் பிடிக்கிற மனிதனை இந்த ‘நீ’ உருவாக்க முயன்றது. அவரை இலக்கியத் தொடரில் வைத்துப் பேசுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அவர் எழுதிய மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மூலையில் குந்திய முதியோன்’ என்று ஒரு துப்பறியும் நாவலைத் தமிழில் தந்தார். இலங்கையின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களைப் பட்டியலிடுவோர் அதைக் குறிப்பிடுவதுண்டு. தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்ற நாடகத்தை எழுதினார். ஆங்கிலத்தில் ‘பிளாண்டர் ராஜ்’ என்ற பிரசுரத்தை வெளியிட்டார். பிரித்தானிய ராஜ்ஜியத்துக்குள்ளே தோட்டத்துரைகளின் ராஜ்ஜியம் ஒன்று தனியாக நடக்கிறது என்று அந்தத் தலைப்பே குற்றம் சாட்டுகிறது. அவர் எழுதிய இன்னொரு நூலின் பெயர் ‘அழகிய இலங்கை’. அந்நியன், நேற்று வந்தவன் என்று சபையிலும் வெளியிலும் ஏச்சுக் கேட்ட மனிதர் இந்த நாட்டுக்கு வைத்த பெயர் அது.

நடேசய்யரைப் பற்றிப் பேசும்போது அவருடைய மனைவி மீனாட்சி அம்மையை அடிக்குறிப்பாக்கிவிடுவது நமது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. தேசபக்தன் பத்திரிகையின் பணியில் அவருக்குப் பங்கு உண்டு. அதைவிட முக்கியமாக, அவர் பாட்டு எழுதினார், மேடையில் பாடினார். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பெயரில் அவருடைய பாடல்கள் 1940இல் பிரசுரமாக வெளிவந்தன. மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அன்றைய அரசியலைப் பாடினார். வாக்குரிமை, வேலைநீக்கம், இந்தியருக்கு எதிரான சட்டங்கள் எல்லாம் பாட்டாயின.

அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர், 1930களில், மலைநாட்டு வீதியோரத்தில், தோட்டத் தொழிலாளர் கூட்டத்தின் முன் நின்று பாடுகிறார். கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழகத்துக் கிராமங்களில் அக்கிரகாரத்துத் தெருவில் நடக்கவும் அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். நடேசய்யரின் பத்திரிகையை ஒருவர் படித்துப் பத்துப் பேர் கேட்டார்கள் என்றால், மீனாட்சி அம்மையின் பாட்டைக் கேட்டவர்கள் மறுநாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே முணுமுணுத்திருப்பார்கள். பத்திரிகையைப் பறிமுதல் செய்யலாம், மனப்பாடமான பாட்டை எந்தத் துரை பறிமுதல் செய்வார்?

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதற்கு முந்திய சபையில் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் பெரி. சுந்தரம். தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராக இருந்த கனவான். அந்நாளைய தேர்தல் முறையை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அவரவர் நிறத்தில் பெட்டி. எழுத்தறியாத வாக்காளர் தமக்கு வேண்டியவரின் நிறத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். துரைக்கும் கங்காணிக்கும் தலை குனிந்தே பழகிய ஒரு தொழிலாளி, திரைக்குப் பின்னால் தனியாக நின்று தானே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நிமிடத்துக்கு எத்தனை தலைமுறை காத்திருந்தது!

அரசாங்க சபையில் மொத்தம் 61 உறுப்பினர்கள். தேர்தலில் தெரிவானவர்கள் 50 பேர், நியமனம் பெற்றவர்கள் 8 பேர், அரசாங்க உத்தியோகத்தர் 3 பேர். மலையகத்திலிருந்து தேர்தலில் வென்று அங்கே அமர்ந்த இந்தியத் தமிழர் இருவர்: அட்டனுக்கு நடேசய்யர், தலவாக்கலைக்கு எஸ். பி. வைத்திலிங்கம். இருவரை வைத்துக்கொண்டு ஒரு சபையில் எதையும் நிறைவேற்ற முடியாது. கேட்கலாம். பதிவு செய்யலாம். மறுக்கலாம்.

மறுத்தும் நடந்த காரியம் ஒன்றைச் சொல்கிறேன். 1930களின் பிற்பகுதியில் கிராம சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து லயங்களில் வாழும் தொழிலாளருக்கு அதில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. சிறிய விடயம் போலத் தோன்றும். கிராம சபை என்றால் வழி, கிணறு, விளக்கு. அன்று கிராமம் வேறு, தோட்டம் வேறு என்று கீறிய கோடு நெடுங்காலம் அழியவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் கீழும் தோட்டங்களுக்குள் பணம் செலவிடச் சபைகளுக்குத் தடை இருந்தது. அந்தத் தடை 2018இல்தான் நீங்கியது. லயத்துக்குப் போகும் பாதையின் குழியை மூடச் சட்டம் எண்பது ஆண்டுகள் யோசித்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் நடேசய்யரின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் தனி மனிதர். சங்கமும் அவரே, பத்திரிகையும் அவரே, மேடையும் அவரே. அவருடைய சம்மேளனம் அவர் நின்ற இடத்தில் நின்றது, அவர் நகர்ந்தால் நகர்ந்தது. பலரைத் தலைவர்களாக வளர்த்து அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அமைப்பாக அது வளரவில்லை. 1939இல் தினக்கூலி பெறும் இந்தியரை அரச வேலைகளிலிருந்து நீக்கும் திட்டம் வந்தபோது ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். அவருடைய வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கமும் எழுந்தது. வர்த்தகர்களின் பணபலமும், தோட்டங்களில் வேர்கொண்ட பெரிய குடும்பங்களின் செல்வாக்கும், நேருவின் பெயரும் அதற்குப் பின்னால் இருந்தன. நடேசய்யர் அந்தப் பெருவெள்ளத்தில் சேரவில்லை. தமது தனி வழியிலேயே நின்றார். அவரிடமிருந்து சங்கம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட தொழிலாளர்கள் அந்தச் சொல்லோடு புதிய சங்கத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மயங்காதே, நீயே யோசி என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர்கள் யோசித்தார்கள், வேறொருவரைத் தெரிந்தார்கள். ஆசிரியனுக்கு நேரும் இந்தத் துயரம் அரசியல்வாதிக்கு நேரும்போது அதற்குத் தோல்வி என்று பெயர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதே தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அந்த ஆண்டு நவம்பரிலேயே காலமானார்.

அடுத்து நடந்ததை அவர் காணவில்லை. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி என்று ஒருவரும் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரை எண்ணிப் பங்கு போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதியைப் பின்னர் பார்க்கலாம் என்று. எஞ்சியிருந்த நாடற்றவருக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. நடேசய்யர் அட்டன் வீதியில் நின்று ‘நீ’ என்று அழைத்த மனிதனின் பேரனுக்குத்தான் அது பயன்பட்டது.

அப்படியானால் அவருடைய பதினேழு ஆண்டுச் சபை வாழ்வு வீணா? இந்தக் கேள்வியை என்னிடம் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். சட்டத்தை மட்டும் வைத்து அளந்தால் ஆம் என்று சொல்லும்படியாகத்தான் இருக்கும். வாக்குச் சீட்டைப் பறித்துவிட்டார்கள். ஆனால் அதைப் பிடிக்கக் கற்ற கையைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. 1947இல் தலவாக்கலையில் வென்றவர் யார் என்று பாருங்கள்: சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த கவிஞர். தொழிலாளியைப் பார்த்து ‘நீ’ என்று எழுதியவர் நடேசய்யர். அடுத்த தலைமுறையில் தொழிலாளியின் பிள்ளைகளே ‘நாங்கள்’ என்று எழுத வந்தார்கள். நாட்டார் பாடல்களைத் தொகுத்தார்கள், நாவலும் சிறுகதையும் எழுதினார்கள். வாக்கில்லாதிருந்த அந்த ஆண்டுகளில் மலையகத்துக்குப் பாராளுமன்றமாக இருந்தது அதன் இலக்கியம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இலக்கிய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நடேசய்யரின் வாழ்வையும் எழுத்தையும் தேடித் தொகுத்து நூல்களாகத் தந்தவர் காலஞ்சென்ற சாரல்நாடன். 1988இல் வந்த ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற அவருடைய நூல் இல்லாவிட்டால் இன்று நான் பேசியதில் பாதியைப் பேசியிருக்க முடியாது. ஒரு தனி மனிதர், நிறுவனத்தின் துணையின்றி, பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டிச் செய்த வேலை அது. அந்தப் பிரசுரங்கள் மலிவான தாளில், மலிவான விலைக்கு, கையிலிருந்து கைக்குப் போவதற்கென்று அச்சிடப்பட்டவை. நூலகத்தில் வைப்பதற்கென்று யாரும் அவற்றை அச்சிடவில்லை. மலைநாட்டின் ஈரத்தில் அப்படிப்பட்ட தாள் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் வீட்டுப் பரணில், பாட்டனாரின் தகரப் பெட்டியில், சங்க ரசீதோ பாட்டுப் பிரசுரமோ பழைய பத்திரிகைத் தாளோ ஒன்று கிடந்தால் தயவுசெய்து அதை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமோ அருகிலுள்ள நூலகத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் தாள் உங்கள் பாட்டனாரைப் பார்த்து ‘நீ’ என்று பேசியிருக்கிறது. அவர் என்ன பதில் சொன்னார் என்பதை நாம் இனிமேல்தான் தேடி எழுத வேண்டியிருக்கிறது.